பலெர்மோவில் ரயில் பெட்டியை நகர்த்திய ஞாயிற்றுக்கிழமை

பலெர்மோவுக்குப் போகப் போகிறோம், குளிர்காலத்தில் போனால் எப்படி இருக்கும் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஜனவரியில். இப்போது அங்கே லீராக் காசும் இல்லை, நான் போன ரயில் அந்த நேரத்துக்கு ஓடுகிறதோ தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்த ஆள் நான்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் கடற்கரை, தேவாலயம் எல்லாம் குறைவு, நடுக்கம் அதிகம்.

போன காரணம் என் தம்பி தவம். நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். தவம் பலெர்மோவில் ஒரு வயதானவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தான். ஒருநாள் கொழும்பிலிருந்து அம்மா தொலைபேசியில் அழுதார். "பிள்ளை, உவன் ஞாயிற்றுக்கிழமையளிலை ஆரோ கிழட்டு வெள்ளையளோடை ஒரு பூட்டின கொட்டிலுக்கை போய் நிக்கிறானாம். சம்பளமும் இல்லையாம். போய்ப் பாரடி." அங்கே வேலை செய்யும் யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் ஆட்களில் யார் சம்பளமில்லாமல் வேலைக்குப் போவான்? அதுவும் சிசிலியில், பூட்டிய கொட்டகையில்? அந்த நாட்களில் ஜெர்மன் தொலைக்காட்சியில் சிசிலி என்றாலே மாஃபியாக்காரர் சுட்டுத் துளைத்த காரைத்தான் காட்டுவார்கள். தவத்தைக் கேட்டால் "வந்து பாருங்கோ அக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் பயத்தைத் தந்தது. இரண்டு வார லீவு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து சூரிச் வழியாக மிலானோ, அங்கே ரயில் மாறினால் நேரே பலெர்மோ. என் கையில் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் புத்தகம். இரண்டு எல்லைகளிலும் அதிகாரிகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, எந்தக் குற்றமும் செய்யாத எனக்கு உள்ளங்கை வேர்த்தது. இப்படிப்பட்ட புத்தகம் வைத்திருக்கிறவர்கள் அதைப் பெட்டிக்குள் புதைத்து வைக்காமல் கைப்பையில் வையுங்கள். தேடுகிற நேரத்தில்தான் அவர்களுக்குச் சந்தேகம் வரும்.

மிலானோவிலிருந்து ஏறத்தாழ இருபது மணி நேரம். கால் நீட்டிப் படுக்கும் பெட்டிக்குக் காசைப் பார்க்காதீர்கள். இத்தாலியின் கால் முனையில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள், நாங்கள் உள்ளே இருக்கும்போதே. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. திடீரென்று ஜன்னல் இருண்டது, இரும்புச் சங்கிலி இழுபடும் சத்தம், தரை மெல்ல ஆடியது. "முருகா!" என்று கத்திவிட்டேன். எதிரே இருந்த அம்மா ஒருவர் மேலே போகச் சொல்லிக் கைகாட்டினார். படியேறினால் கப்பல் தளம், காற்று, எதிரே சிசிலி. கடக்க அரை மணித்தியாலம்தான், ஆனால் பெட்டிகளை ஏற்றி இறக்க இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். மேலே சோற்றுக்குள் இறைச்சி வைத்துப் பொரித்த உருண்டை சூடாக விற்பார்கள், நல்ல ருசி. மெஸ்ஸினாவில் கரையேறி, கடலோரமாக இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போனால் பலெர்மோ.

நிலையத்தில் தவம் நின்றான். மெலிந்திருந்தான். நகங்களுக்குள் கறுப்பு எண்ணெய். நான் முதலில் அதைத்தான் பார்த்தேன். வயதானவரைப் பராமரிக்கிறவனுடைய நகத்துக்குள் எண்ணெய் ஏன்?

அவன் நண்பன் யோகனோடு அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியில் ஒரு அறையில் இருந்தான். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். சந்தையைத் தாண்டி, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டவேண்டிய சந்துகள். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று: வெளியே பதினைந்து பாகை இருந்தாலும் வீட்டுக்குள் எலும்பு குளிரும். சூடாக்கி இல்லை. ஜெர்மனியில் இருந்து போகிறோம், இது என்ன குளிர் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு போய் நான் பட்ட பாடு போதும்.

மறுநாள் சனிக்கிழமை, தவம் வேலை செய்யும் வீட்டுக்குக் கூட்டிப்போனான். லிபெர்த்தா பகுதியில், மரங்கள் வரிசையாக நிற்கும் பெரிய வீதி. பஸ்ஸுக்கு அப்போது ஆயிரத்து ஐந்நூறு லீரா. இறங்கி ஒரு தெருவுக்குள் திரும்பினால் மண்மூட்டை அடுக்கி, துவக்கோடு ஆமி நிற்கிறது! அந்த ஆண்டுகளில் நீதிபதிகள் குடியிருந்த தெருக்களில் இராணுவத்தைக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். அது எனக்கு எப்படித் தெரியும்? கால் நின்றுவிட்டது. கை தானாகப் பைக்குள் போய் அடையாள அட்டையைத் தேடியது.

"அக்கா, நடவுங்கோ. இது எங்களைப் பிடிக்கிற ஆமி இல்லை," என்றான் தவம்.

"ஆமி ஆமிதான்ரா," என்றேன். எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறித்தான் போனேன்.

அந்த வீட்டில் இருந்தவர் சிஞ்ஞோர் எத்தோரே. சிஞ்ஞோர் என்றால் அங்கே ஐயா, சிஞ்ஞோரா என்றால் அம்மா. எண்பதைத் தாண்டியவர். ரயில்வேயில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நடக்க ஒரு ஆளின் தோள் வேண்டும். என் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். அவருடைய மகள் சிஞ்ஞோரா லூச்சா அடுத்த மாடியில் இருந்தாள். நல்ல உடுப்பு, களைத்த முகம். அவள் தவத்தோடு வாசலில் நின்று எதையோ தாழ்ந்த குரலில் சொன்னாள். தவம் "சி, சிஞ்ஞோரா" என்று தலையாட்டினான்; சி என்றால் ஆம்.

வெளியே வந்ததும் என்ன என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் முழுவதும் தெரிந்தது. தவத்திடம் வதிவிடப் பத்திரம் இல்லை. அதை அங்கே பெர்மெஸ்ஸோ என்பார்கள். அந்த வருடம் பத்திரம் இல்லாதவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள், ஆனால் வேலை கொடுக்கிறவர் கூடவே வந்து பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் கையெழுத்து வைக்கவேண்டும். திங்கட்கிழமை காலை சிஞ்ஞோரா வருவதாக ஏற்பாடு.

"அதுக்கேன் உன்ரை முகம் இப்பிடி?"

"நாளைக்கு ஞாயிறு அக்கா. தன்ரை அப்பாவைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டால் கவனமாம். அவருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் திங்கட்கிழமை சிஞ்ஞோரா வரமாட்டாவாம்."

அந்தக் கொட்டகை! "அப்ப நாளைக்குப் போகாதை. விசரே உனக்கு?" என்று நடுவீதியில் நின்று கத்தினேன்.

"அவர் கிழமை முழுக்க அதுக்காகத்தான் இருக்கிறார். நான் என்னெண்டு இல்லையெண்டுறது?"

ஞாயிறு நானும் போனேன். அவனை விட்டுவிட்டு அறையில் இருந்து நகம் கடிக்க என்னால் முடியாது. டாக்சியில் நகரின் தெற்கு ஓரத்துக்கு ஏழு கிலோமீட்டர். நாய்கள் படுத்திருக்கும் ஒரு மண் பாதை, துருப்பிடித்த கேற், அதற்குள் நீளமான தகரக் கொட்டகை. பீனோ என்ற முன்னாள் ரயில் சாரதி சாவியோடு நின்றார். உள்ளே இருட்டு. கண் பழகியபோது தெரிந்தது: கறுத்த நீராவி எஞ்சின் ஒன்று, மரப் பெட்டிகள் மூன்று, விளக்குகள், மணிகள், தொப்பிகள். துவக்கும் இல்லை, மூட்டையும் இல்லை. ரயில்வேக் காட்சிச்சாலை! நான் ஒரு மரப்படியில் குந்திவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

குளிர்காலத்தில் அது பார்வையாளருக்குப் பூட்டு. வசந்தத்தில் திறக்கும்வரை பீனோவும் அவரைப்போன்ற ஓய்வூதியக்காரரும் ஞாயிறுதோறும் வந்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். கடல் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, எண்ணெய் பூசி, மேலே படங்கு போட்டு மூடவேண்டும். சிஞ்ஞோர் எத்தோரேயைத் தூக்கி இறக்க தவம் வந்தான். சும்மா நிற்பானேன் என்று துணியை எடுத்தான். தனியே போரடிக்கிறது என்று யோகனையும் கூப்பிட்டான். இவ்வளவுதான் கதை. ஊரில் தன் சைக்கிளையே ஒருநாளும் துடைக்காதவன், அங்கே ஒரு பித்தளை விளக்கை அரை மணித்தியாலம் துடைத்தான். நான் கொண்டுபோன தேத்தண்ணியும் ரொட்டியும் சம்பலும் எல்லாரும் சாப்பிட்டோம். பீனோ சம்பலைச் சாப்பிட்டுக் கண்ணீர் விட்டுக்கொண்டே இன்னும் கேட்டார்.

அன்று பெட்டி நகர்த்தும் நாள். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் பெட்டியின் பாரம் அச்சில் ஒரே இடத்தை அழுத்திப் பழுதாக்கிவிடுமாம். அதனால் மாதத்துக்கு ஒருமுறை ஒரு முழம் நகர்த்துவார்கள். ஒரு மாதம் மேலே, அடுத்த மாதம் கீழே. கண்ணுக்குத் தெரியாத சரிவு ஒன்று அந்தத் தண்டவாளத்தில் இருந்தது. மேலே என்றால் இரும்பு அலவாங்கைச் சில்லுக்குக் கீழே கொடுத்து, சக்கரத்தை நெம்பவேண்டும். கீழே என்றால் நெம்பத் தேவையில்லை. ஒரு முழம் தள்ளி முன்சில்லுக்கு நேரே தடித்த மரக்கட்டையை வைத்துவிட்டு, பெட்டிக்குள் இருக்கும் பிரேக்கைத் திருகித் தளர்த்தினால் அது தானாக வந்து கட்டையில் முட்டி நிற்கும்.

எங்கள் பெடியன்கள் இதில் ஒரு வழக்கத்தைப் புகுத்தியிருந்தார்கள். வண்டி புறப்படுமுன் முன்சில்லில் தேசிக்காய் வைத்து நசிப்போமே, அதே. தேசிக்காய்க்குப் பதில் அந்த ஊர்ப் பெரிய மஞ்சள் எலுமிச்சை. கிழவர்களுக்கு அது பிடித்துப்போய், அது இல்லாமல் நகர்த்தவே விடமாட்டார்களாம். சிஞ்ஞோர் எத்தோரேக்கு ஒரு கதிரை போட்டு, பெட்டிக்கு முன்னால் நாலைந்து மீற்றர் தள்ளி, தண்டவாளத்துக்கு நடுவிலேயே உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கச் சில்லும் ஒழுங்காக உருளுகிறதா என்று அங்கிருந்துதான் அவர் பார்ப்பாராம். "அங்கையோ?" என்று நான் கேட்டேன். "கட்டை இருக்கு அக்கா, எப்பவும் அங்கைதான் இருப்பார்," என்றான் தவம். என் வாயை மூடிக்கொண்டேன்.

எலுமிச்சை வைப்பது அன்று யோகன். அவன் போன மாதம், மேலே ஏற்றிய அன்று, முதல்தரம் வந்தவன். அப்போது முன்சில்லுக்கு முன்னால் ஒன்றும் இருக்கவில்லை, கட்டை பின்னால்தான். இன்று குனிந்து பார்த்தால் சில்லுக்கு நேரே ஒரு கட்டை வழிமறித்துக் கிடக்கிறது. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது முன்னால் மறிப்பு இருக்கலாமா? மரியாதையாகக் கட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எலுமிச்சையைச் சில்லோடு ஒட்டி வைத்துக் கும்பிட்டுவிட்டு விலகினான். தவம் பின்சில்லுக்கு அருகில் நின்றான். பீனோ பெட்டிக்குள். அவர்கள் இருவருக்கும் அது தெரியவில்லை, கிழவருக்கு யோகனின் முதுகு மறைத்தது. நான் மட்டும் அவன் கட்டையை எடுப்பதைப் பார்த்தேன், ஆனால் அதுதான் முறை என்று நினைத்தேன்.

பீனோ பிரேக்கைத் திருகினார். பெட்டி மெல்ல அசைந்தது. எலுமிச்சை நசிந்து மணம் வந்தது. யோகன் கைதட்டினான். பெட்டி ஒரு முழம் வந்தது. நிற்கவில்லை.

சத்தம் இல்லை, அதுதான் பயங்கரம். பத்துத் தொன் மரமும் இரும்பும் பூனை நடப்பதைப்போல வந்தது. சிஞ்ஞோர் எத்தோரே சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை இல்லை என்று அவருக்குத்தான் முதலில் தெரிந்திருக்கவேண்டும், அவர் முகம் மாறியது. கதிரையின் கையைப் பிடித்து எழும்பப் பார்த்தார். எழும்ப முடியவில்லை. "எழும்புங்கோ! ஐயோ, எழும்புங்கோ!" என்று நான் தமிழில் கத்தினேன். என் கால் அசையவில்லை. ஈரக்குலை நடுங்கியது என்று சும்மா சொல்வோமே, அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது.

தவம் பெட்டியின் பக்கத்தால் ஓடி முந்தினான். கிழவரின் கக்கத்துக்குள் கைகொடுத்து இழுத்தான். அவருடைய ஒரு சப்பாத்து கதிரைக் காலில் மாட்டிக்கொண்டது. இன்னொருதரம் இழுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து பக்கத்துத் தண்டவாளத்தில் விழுந்தார்கள். கதிரை படபடவென்று முறிந்தது. உள்ளே பீனோ பிரேக்கைத் திருப்பித் திருகித் திருகி, கடைசியில் அது பிடித்துப் பெட்டி நின்றது. நின்ற இடம் கதிரைக்கு அப்பால்.

இருவருக்கும் உயிர் இருந்தது. கை கால் இருந்தது. சிஞ்ஞோர் எத்தோரேயின் புருவத்துக்கு மேலே வெடித்து இரத்தம் வடிந்தது. அவர் தவத்தின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். பீனோ கீழே இறங்கி வந்து அழுதார். யோகன் பேயறைந்தவன் மாதிரி நின்று, "தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சு," என்றான். எனக்கு வந்த கோபத்தில் அவன் முதுகில் ஒன்று போட்டேன்.

"தலைப்பாகையே? நாளைக்கு இவனை என்ன செய்வாங்கள் எண்டு தெரியுமே உனக்கு?"

தவம் தன் கைக்குட்டையால் கிழவரின் நெற்றியை அழுத்திப் பிடித்தபடி இருந்தான்.

வீட்டுக் கதவைத் திறந்த சிஞ்ஞோரா கிழவரின் நெற்றியில் கட்டியிருந்த கைக்குட்டையைப் பார்த்தாள். கிழவர் அவசரமாக ஏதோ சொன்னார். படியில் வழுக்கினேன் என்று சொன்னாராம். தவம் இல்லையென்று தலையாட்டி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான், யோகனை மட்டும் விட்டுவிட்டு. "நான்தான் கட்டையைப் பார்த்திருக்க வேணும்" என்றானாம். பிறகு என்னிடம் தமிழில் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. பொய் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று அவனைத் திட்டினேன். சிஞ்ஞோரா திட்டவில்லை. அப்பாவை உள்ளே கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள், அவ்வளவுதான்.

திங்கள் விடிய முன்னமே குவெஸ்தூரா வாசலில் வரிசையில் நின்றோம். எங்கள் ஆட்கள், மொரிஷியஸ் தமிழர்கள், ஆபிரிக்கர்கள், எல்லாரும் பக்கத்தில் தங்கள் தங்கள் சிஞ்ஞோராவோடு. தவத்துக்குப் பக்கத்தில் நான்தான். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. வேலை கொடுக்கிறவர் இல்லாமல் உள்ளே போனால் என்ன கேட்பார்கள்? பெயரை எழுதிக்கொண்டு நாடு கடத்துவார்களா? "வா, போவம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "பொறுங்கோ அக்கா," என்றான். மூன்று பேர் மட்டும் முன்னால் இருந்தபோது சிஞ்ஞோரா வந்தாள். ஓடி வந்தவள்போல மூச்சு வாங்கினாள்.

உள்ளே போகுமுன் தவத்தின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு விஷயம் கேட்டாள். அவன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். வாசலில் நின்ற பொலிஸ்காரன் "அடுத்தது" என்று கைகாட்டினான். தவம் "சி" என்றான். அவள் கையெழுத்து வைத்தாள். வெளியே வந்து, என்ன கேட்டா என்று கேட்டேன். "அவரை இனி ஒருநாளும் அங்கை கூட்டிக்கொண்டு போகக்கூடாதாம்," என்றான். "நல்லது, அதுதானே சரி," என்றேன். உண்மையாகவே எனக்கு அப்போது நிம்மதிதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். குளிர்காலத்தில் போனால் அறை மலிவு, கூட்டம் இல்லை, வுச்சீரியாவிலும் மற்றச் சந்தைகளிலும் நடந்தே எல்லாம் பார்க்கலாம், பையை மட்டும் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அல்பெர்கேரியாவில் எங்கள் கடைகளில் மிளகாய்த்தூள் கிடைக்கும், ஜெர்மனியிலிருந்து சுமக்காதீர்கள். ஆமியைக் கண்டு நடுங்கிய தெரு இப்போது சாதாரணத் தெரு. நான் போன கொட்டகை இப்போது இல்லை. இப்படியான சின்னக் காட்சிச்சாலைகள் குளிர்காலத்தில் பூட்டியிருக்கும், ஆனால் ஞாயிறுகளில் பக்கவாட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள், உள்ளே யாராவது துருச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், மகிழ்வார்கள். ஓரமாக நில்லுங்கள். கும்பிட நினைத்தால் வேலை முடிந்தபின் கும்பிடுங்கள். ஒரு கட்டையையும் தொடாதீர்கள்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் எனக்கு ரயில். விடைபெறக் காலையில் அந்த வீட்டுக்குப் போனோம். சிஞ்ஞோர் எத்தோரே கோட்டும் தொப்பியும் போட்டு, சப்பாத்தும் கட்டி, கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பிளாஸ்டர். மகள் அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தவத்தைக் கண்டதும் கையை நீட்டினார், எழுப்பிவிடச் சொல்லி.

தவம் அந்தக் கையைப் பிடித்தான். எழுப்பவில்லை. "பியோவே" என்றான். மழை பெய்கிறது என்று அர்த்தம், எனக்கும் அந்த ஒரு சொல் தெரியும். ஜன்னலால் வந்த வெயில் அவருடைய முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது.

கிழவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என் தம்பியைப் பார்த்தார், நெடுநேரம். உண்மையைச் சொல்லடா, அல்லது அந்தாளைக் கூட்டிக்கொண்டு போடா என்று கத்தவேண்டும்போல இருந்தது. ஆனால் அவனுடைய சட்டைப் பைக்குள் புதிதாகக் கிடைத்த பத்திரம் இருந்தது.

"சி," என்றார் சிஞ்ஞோர் எத்தோரே. "பியோவே." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் காலை நீட்டினார். தவம் கீழே குந்தி நாடாவை அவிழ்த்தான்.